எண்பதா, நூறா

எண்பதை வைத்துப் பார்ப்போமா, நூறை வைத்துப் பார்ப்போமா என்று விக் கடை ரெஜினா கேட்டாள். நடனசபாபதி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையிலிருந்த பழையது கழன்று மேஜைமேல் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. அது இல்லாத தலையை இவ்வளவு வெளிச்சத்தில் பார்த்து வெகுநாள் ஆகிறது. வேலூரில் அவர் குடியிருக்கும் வீட்டில் முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்றே ஒன்றுதான், அதையும் மூக்கிலிருந்து தாடைவரை மட்டும் தெரிகிற உயரத்தில் ஆணியடித்து மாட்டியிருந்தார், சவரத்துக்கு அது போதும். இங்கே என்னவென்றால் எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி, முதுகுக்குப் பின்னால் இன்னொன்று, உச்சியும் பின்னந்தலையும் ஒன்றுக்குள் ஒன்றாக எங்கோ போய்க்கொண்டே இருந்தன. காதுக்கு மேலே இரண்டு பக்கமும் கொஞ்சம் முடி, அது பின்னால் போய் மெல்லிய வளையமாகச் சேர்ந்துகொள்கிறது, நடுவில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் சும்மா ஒன்றுமில்லை அல்ல, டியூப்லைட் தெரிகிற ஒன்றுமில்லை. வேலூரிலும் இப்போது விக் கடை வந்துவிட்டது, ஆனால் குடியிருக்கிற ஊரில் ஒருத்தன் டோப்பா வாங்குவானா? சென்னையில் இந்த இடம்தான் தோது. கீழ்த்தளத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை, இரண்டுக்கும் ஒரே படிக்கட்டு, தெரிந்த முகம் எதிரே வந்தால் பவர் மாற்ற வந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். வந்ததில்லை. இத்தனை வருஷத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட எதிரே வந்ததில்லை என்பதும் ஒரு மாதிரிதான் இருக்கிறது. எண்பது, நூறு, நூற்றிமுப்பது என்பதெல்லாம் முடியின் அடர்த்திக்கு இந்தக் கடைக்காரர்கள் வைத்திருக்கிற கணக்கு. நூற்றிமுப்பது மாப்பிள்ளைத் தலை. நூறு, குடும்பஸ்தன் தலை. எண்பது, பேரன் பேத்தி எடுத்தவன் தலை. மூன்றும் மூன்று தெர்மோகோல் மண்டைகளில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. கண்ணும் மூக்கும் இல்லாத அந்த மூன்று பேரும் தன்னைவிட நிம்மதியாக இருப்பதாக அவருக்குப் பட்டது. "இயற்கையா இருக்கணும்மா, தொட்டுப் பாத்தாக்கூடத் தெரியக் கூடாது" என்றார். "தொட்டு யாரு சார் பாக்கப் போறாங்க?" என்றாள் ரெஜினா, அவள் பாட்டுக்கு, சீப்பில் சிக்கியிருந்த முடியை எடுத்துக்கொண்டே.

யார் தொடப் போகிறார்கள்? கேள்வி நியாயமானதுதான், அவள் குத்திக் காட்டவில்லை, ஆனால் குத்திவிட்டது. அவர் நூற்றிமுப்பதைக் காட்டி அது வேண்டாம் என்று மட்டும் சொன்னார். இருபத்தொன்பது வயதில் முதல்முதலாக வாங்கியது அந்த மாதிரிதான், இல்லை, அதைவிடத் தடிமன், காசு கொடுக்கிறோம், கொஞ்சம் நிறையவே வாங்குவோம் என்று ஒரு புத்தி, கத்திரிக்காய் வாங்குகிற புத்தி. முடி என்பது நிறைய இருந்தால் நல்லது என்று அன்றைக்கு நினைத்தார். பத்து வருஷம் போனபிறகுதான் தெரிந்தது, கூட வேலை பார்க்கிறவர்களுக்கெல்லாம் நெற்றி ஏறுகிறது, உச்சியில் காசளவு வெளிச்சம் விழுகிறது, இவருக்கு மட்டும் அப்படியே கருகருவென்று காடு. ஆண்டவன் கொடுத்த முடி அதுவாகவே கொட்டும், யாரும் மெனக்கெட வேண்டாம். இவரோ கொட்டுவதையும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும், நூற்றிமுப்பதிலிருந்து நூற்றிருபது, அப்புறம் நூற்றிப்பத்து, நரைப்பதற்குத் தனியாகச் சொல்ல வேண்டும், கிருதாப் பக்கம் பத்து இழை வெள்ளை போடும்மா, போன தடவை எட்டு போட்டே. அதையும் நினைத்த நேரத்தில் மாற்ற முடியாது. வெள்ளிக்கிழமை அடர்ந்திருந்த தலை திங்கட்கிழமை இளைத்து வந்தால் ஆபீஸ் சும்மா இருக்குமா? மாற்றல் உத்தரவு வந்தால்தான் உண்டு. விழுப்புரத்தில் நூற்றிருபது, திருவண்ணாமலையில் நூற்றிப்பத்து. பொதுப்பணித்துறையில் மாற்றல் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும். ஊருக்கு ஊர் வயதானார். நடுவில் முடி வெட்டிக்கொள்ளவும் வேண்டுமே, அதற்கு ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக, மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நீளத்தைக் கழற்றிவிட்டுக் குட்டையை மாட்டிக்கொண்டு மறுநாள் போவார். "எங்க சார் வெட்டுறீங்க, நல்லா வெட்டியிருக்கான்" என்று ஒருவர் கேட்டுவிட்டார், அன்றைக்கு முழுக்க ஆபீஸ் கணக்கு ஓடவில்லை.

ரெஜினா எண்பதைத் தண்ணீர் தெளித்து உதறினாள். மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, அவர் கண் தானாக அதற்குப் போனது, எந்த அறைக்குப் போனாலும் முதலில் மின்விசிறி எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலி தேடுவார். பண்ருட்டியில் பெண் பார்க்கப் போன வீட்டிலும் அப்படித்தான், நடுக்கூடத்தில் அவருக்கென்றே மின்விசிறிக்கு நேர்கீழே நாற்காலி போட்டிருந்தார்கள், மாப்பிள்ளைக்கு வேர்க்கும் என்று அதை முழு வேகத்தில் வைத்தார்கள். சளி பிடித்திருக்கிறது, குறையுங்கள் என்றார். சளியா என்று பெண்ணின் அப்பா கவலைப்பட்டார், உடனே மிளகுரசம் வந்தது. அந்தப் பெண் கதவோரம் நின்று அவருடைய தலையைப் பார்த்தாள். தலையைத்தான் பார்த்தாளா, தலைக்கு மேலே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாளா, இன்றுவரை முடிவாகவில்லை. "இந்த வயசுல என்னா முடி, குடுத்து வெச்சவர்" என்றார் அவளுடைய மாமா. அந்த வார்த்தையோடு எல்லாம் முடிந்தது. அன்றைக்கு ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்ப யோசித்தார், படுக்கும்போது இதைக் கழற்றி எங்கே வைப்பது? தலையணைக்குப் பக்கத்தில் வைப்பதா, பீரோவில் பூட்டுவதா, முதல்நாளே சொல்லிவிடுவதா, பத்து நாள் கழித்துச் சொல்வதா, சொன்னால் அந்த முகம் எப்படிப் போகும்? யோசித்து யோசித்துக் கடைசியில் ஜாதகத்தில் தோஷம் என்று சொல்லி அவரே வேண்டாமென்றார். அம்மா அழுதாள். அப்புறமும் நாலைந்து இடம் வந்தது, எல்லாவற்றுக்கும் தோஷம் ஒத்துவந்தது. இன்றைக்கு ஐம்பத்திரண்டு வயதில் பீரோ நிறைய இடம் இருக்கிறது, தலையணை பக்கத்திலும் இடம் இருக்கிறது, எங்கே வேண்டுமானாலும் கழற்றி வைக்கலாம். அப்படியும் ராத்திரி பத்து மணிவரை அவர் அதைக் கழற்றுவதில்லை, கேஸ் சிலிண்டர்காரன் வந்துவிட்டால்? ராத்திரி பத்து மணிக்குச் சிலிண்டர் போடுகிறவன் எந்த ஊரில் இருக்கிறான் என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் கழற்றுவதில்லை.

இப்போது வந்திருப்பது மாற்றலுக்காகவோ பெண் பார்க்கவோ அல்ல. தங்கை மங்கையர்க்கரசிக்கு, வீட்டில் மங்கை, கல்யாணமாகி வெகுகாலம் குழந்தையில்லாமல் இருந்து, போன வருஷம் ஒரு பெண் பிறந்தது, நிறைமதி என்று பெயர். வருகிற ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்குப் பக்கத்தில் குலதெய்வம் கோயிலில் குழந்தைக்கு மொட்டையும் காதுகுத்தும். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும், இருக்கிற தாய்மாமன் அவர் ஒருத்தர்தான், அதுவரை சரி. ஆனால் மங்கை ஒரு காரியம் செய்திருந்தாள். குழந்தை பிறந்தால் அண்ணனுக்கும் சேர்த்து மொட்டை போடுகிறேன் என்று சாமியிடம் வேண்டிக்கொண்டாளாம். இந்தக் குடும்பங்களில் அது ஒரு வழக்கம், தன் தலை இருக்க அடுத்தவர் தலையை நேர்ந்துவிடுவது, தலைக்குச் சொந்தக்காரனை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. இல்லாத முடியை நேர்ந்துவிட்டாளே பாவி. கேள்விப்பட்ட நாளிலிருந்து அவர் தூங்கவில்லை. எல்லாரும் சுற்றி நிற்பார்கள், நாவிதர் தண்ணீரைத் தொட்டு உச்சியில் தேய்ப்பார், வீடியோக்காரன் வேறு கிட்டே வந்து அந்தக் கையைத்தான் எடுப்பான். வேலூரிலேயே மழித்துக்கொண்டு போய்விடலாமென்றால் வேண்டுதல் சன்னிதியில் அல்லவா இறக்க வேண்டும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார், பூமுடி. முழு மொட்டைக்குப் பதிலாக மூன்று இடத்தில் துளித்துளி வெட்டிச் சாமிக்குப் போடுவது, உடம்புக்கு முடியாதவர்கள் செய்வதுதான். டாக்டர் தலையில் குளிர்ச்சி ஆகாது என்கிறார் என்று சொல்லிவிட்டால் தீர்ந்தது, அந்த மூன்று துளியும் விக்கிலிருந்து போகட்டும். ஆனால் நாவிதர் கை பட வேண்டும். ஆயிரம் தலை தொட்ட கை, ஒரு துணுக்கு முடியை விரலுக்கிடையில் எடுக்கும்போதே தெரிந்துவிடாதா? அதனால்தான் எண்பதா நூறா. அடர்த்தியாக இருந்தால் அடித்தளம் கட்டியாகத் தட்டுப்படும், மெலிதாக இருந்தால் தோல் மாதிரி ஒட்டிக் கிடக்கும். ரொம்ப மெலிந்தாலும் ஆபத்து, வெட்டுகிற இடத்தில் அடியிலிருக்கும் வலை தெரியும். இன்னொன்றும் உறுத்தியது. இந்த முடியே எங்கேயோ ஒரு கோயிலில் எவளோ ஒருத்தி, புருஷன் குடியை விடட்டும் என்றோ பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கட்டும் என்றோ இறக்கிவிட்டுப் போனதாகத்தான் இருக்கும். ஒரு சாமிக்குக் கொடுத்ததை எடுத்து இன்னொரு சாமிக்குக் கொடுக்கலாமா? சாமிகளுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்களா?

ஒரு முறை மழித்தவர்தான். அம்மா போனபோது கொள்ளி வைத்தது அவர்தானே, மழிக்காமல் முடியுமா? குளக்கரைக்கு ஊர் நாவிதக் கிழவரோடு முன்னால் போனார். தலையில் இருப்பது விக் என்று வழியிலேயே சொல்லிவிட்டார், அம்மா செத்ததற்கு அழாத அழுகையை அந்த ஒரு வாக்கியத்துக்கு அழுதார். கிழவர் பின்னால் வந்தவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, அதைக் கழற்றித் துண்டில் சுருட்டி அவர் கையில் கொடுத்துவிட்டுக் காதோரம் இருந்ததை மழித்தார், மீசையை எடுத்தார். இப்போது அந்தக் கிழவரும் இல்லை. வீட்டுக்கு வந்தால் பங்காளிகள் நாலு பேரும் மொட்டை, அதில் இவர் ஒரு மொட்டை. யாரும் பார்க்கவில்லை. அந்தப் பதினாறு நாள்! நெற்றியிலிருந்து பிடரிவரை காற்று போனது. மின்விசிறிக்குக் கீழேயே பாய் போட்டுப் படுத்தார். கொல்லையில் அடிபம்பின் கீழே தலையைக் கொடுத்துவிட்டு மங்கையை அடிக்கச் சொன்னார், சில்லென்று உச்சியில் தண்ணீர் விழுந்ததும் சிரித்துவிட்டார், வாய்விட்டு, நிறுத்த முடியாமல். "எழவு வூட்டுல என்னடா சிரிப்பு" என்று சித்தி உள்ளேயிருந்து கத்தினாள். அம்மா செத்த வீட்டில் சந்தோஷமாக இருந்தோமே என்கிற குற்றம் இன்னும் அவரை விடவில்லை. ஆனால் இருந்தது, மறைப்பானேன், அந்தப் பதினாறு நாள் மாதிரி வாழ்நாளில் இன்னொன்று இல்லை. காரியம் முடிந்த மறுநாள் எல்லாருக்கும் எண்ணெய் தேய்த்து விட்டது மங்கைதான். பங்காளிகள் தலையிலெல்லாம் முள்முள்ளாக முளைத்திருந்தது, அவள் கை சரசரவென்று சத்தம் போட்டது. அவர் உச்சிக்கு வந்தபோது சத்தமே இல்லை, கை வழுக்கிக்கொண்டு போனது. ஒரு நொடி நின்றதா? நின்றது என்று சில நாள் தோன்றும். நிற்கவில்லை, எண்ணெய் வழிகிறதென்று கையை மாற்றினாள், அவ்வளவுதான் என்று சில நாள் தோன்றும். எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தினாளா? நகர்த்திய சத்தம் கேட்டது, ஆனால் அது முன்னாலா பின்னாலா? இத்தனை வருஷமாக இந்த ஒரு நொடியை எடுத்து எடுத்துப் பார்த்து அது தேய்ந்தே போய்விட்டது. யார் தொடப் போகிறார்கள் என்று கேட்டாளே ரெஜினா. கடைசியாகத் தொட்டது அந்தக் கை.

அப்புறம் முடி மீண்டும் வளர்வதுபோல் காட்ட வேண்டியிருந்தது. நீண்ட விடுப்பு, அப்புறம் தொப்பி, அப்புறம் ஒட்ட வெட்டியதாக ஒன்று, மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் நீளமாக ஒன்று. முளைப்பதற்கே அவ்வளவு ஓட்டம். அன்றிலிருந்து சிதம்பரம் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார், தீபாவளிக்குப் பணம் அனுப்பினார், பொங்கலுக்குப் பணம் அனுப்பினார், மங்கை கேட்டதெல்லாம் வரியாண்ணா என்பது மட்டும்தான்.

"பாருங்க சார்" என்றாள் ரெஜினா. எண்பதை வைத்து முன்பக்கம் பசை தடவி அழுத்தியிருந்தாள். "நெத்திய ரெண்டு கையாலயும் அமுக்கிப் பிடிச்சுக்குங்க, அஞ்சு நிமிஷம் கைய எடுக்கக் கூடாது." அமுக்கிப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பொருந்தியிருந்தது. பயமாக இருந்தது, அவ்வளவு பொருந்தியிருந்தது. நெற்றி ஏறி, உச்சியில் தோல் லேசாகத் தெரிந்து, அங்கங்கே நரைத்து, முடி கொட்டிக்கொண்டிருக்கிற, இயல்பாக வயதான ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்திருந்தார். அந்த மனிதருக்கு ஒரு பெண்டாட்டி இருந்திருப்பாள், சாப்பாட்டில் முடி கிடக்கிறது என்று சண்டை போட்டிருப்பாள், பெரிய பெண் டை அடிச்சுக்குங்கப்பா என்று நச்சரித்திருப்பாள். ஒழுங்காக முடி கொட்டியிருந்தால் தானும் இப்படித்தான் இருந்திருப்போம் என்று நினைத்தார், துக்கமாக இருந்தது. நல்லாயிருக்கா என்று யாரையாவது கேட்க வேண்டும் போலிருந்தது. யாரை? ரெஜினா மூன்றுக்கும் நல்லாயிருக்கு என்றுதான் சொல்வாள், அது அவள் பிழைப்பு. அவருடைய உண்மையான தலை எப்படி இருந்தது, எவ்வளவு அடர்த்தி, எந்தப் பக்கம் சுழி என்று தெரிந்தவர்கள் அப்பாவும் அம்மாவும், மங்கை அப்போது சின்னப் பிள்ளை, அவர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. இயற்கையாக இருக்கிறதா என்று கேட்டால் எதைப் போல இயற்கை? அவருக்கே மறந்துவிட்டது. "எண்பதே போட்டுடலாமா? இல்ல நூறையும் ஒரு தடவ வெச்சுப் பாப்பமா?" என்றாள் ரெஜினா. அந்த நேரத்தில் போன் அடித்தது.

சட்டைப்பையில் அடித்தது, கையை எடுக்க முடியவில்லை. ரெஜினாவே எடுத்துப் பெயரைப் படித்தாள், "மங்கைன்னு வருது சார்", அவர் வேண்டாம் என்பதற்குள் ஸ்பீக்கரில் போட்டுக் கண்ணாடித் தட்டில் சாய்த்து வைத்துவிட்டாள். "அண்ணா, எங்க இருக்க?" என்றது மங்கையின் குரல், பின்னால் குழந்தை ஏதோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடிக் கடையில் என்றார். அது பாதி உண்மைதான். பிறகு எப்படியும் சொல்ல வேண்டியது என்று ஆரம்பித்தார், "மங்க, ஒண்ணு கேளு, டாக்டரு தலையில குளிர்ச்சி ஆகாதுங்கறாரு. நான் பூமுடி குடுத்துடறேனே. சாமி ஏத்துக்கும்."

"பூமுடி வேணாண்ணா. மொட்டைன்னுதான் சொல்லியிருக்கேன்."

"அதுக்கில்ல மங்க, டாக்டரு வந்து..."

"அண்ணா." குரல் தணிந்துவிட்டது. "அது வேணாண்ணா."

"எது?" என்றார். கேட்டிருக்க வேண்டாம். ரெஜினா திரும்பிக்கொண்டு துணியை மடிக்கத் தொடங்கினாள், மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

"அம்மா காரியத்தப்ப பதினாறு நாளு இருந்தியே. பம்புல தலையக் குடுத்துட்டு சிரிச்சியே. நான்தான அடிச்சேன். அதுக்கு முன்னாடியும் நீ சிரிச்சு நான் பாக்கல, அதுக்கப்புறமும் பாக்கல. அதுக்குத்தாண்ணா உன் தலைய வேண்டிக்கிட்டேன், புள்ளைக்குன்னா புள்ள முடி போதாதா?" மங்கை மூக்கை உறிஞ்சினாள். "சனிக்கெழமையே வந்துடு. துண்டக் கட்டிக்கிட்டு வா, யாரும் கேக்க மாட்டாங்க. மத்தவங்க பொங்க வெக்கிற எடத்துல இருக்கறப்ப மொதல்ல உன்னத்தான் உக்கார வெப்பேன், வீடியோக்காரன ஏழு மணிக்குத்தான் வரச் சொல்லியிருக்கேன். அப்புறம் இவுரு மொட்டை, மாமனாரு மொட்டை, புள்ள மொட்டை. உன்னய யாரு தனியாப் பாக்கப் போறா? இந்தப் புள்ள எல்லாரு தலையையும் தட்டுறா, உன் தலையையும் தட்டுவா, அவ்ளோதான். வெக்கிறேன், பால் வெச்சது பொங்குது."

நின்றிருக்கிறது. அந்தக் கை அன்றைக்கு நின்றிருக்கிறது. முதலில் வந்தது வெட்கம்தான், உடம்பெல்லாம் சூடாக, பண்ருட்டி நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது வந்த அதே வெட்கம். எப்போதாவது தீபாவளிக்குப் போனபோதெல்லாம் தெரிந்துதான் சோறு போட்டாளா, தெரிந்துதான் மின்விசிறியைக் குறைத்தாளா, எண்ணெய் தேய்க்க வராமல் கிண்ணத்தை மட்டும் வைத்துவிட்டுப் போனாளே, அதுவும் தெரிந்துதானா? எத்தனை பேருக்குத் தெரியும்? மாப்பிள்ளைக்கு? ஆபீஸில் முடிவெட்டைப் பாராட்டியவருக்கு? அப்புறம் அழுகை வந்தது, கையை எடுக்கக்கூடாது என்பதால் துடைக்க முடியாமல் கன்னத்தில் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் திங்கட்கிழமை வரும், வேலூர் வரும், பூட்டிய வீடு வரும், அங்கே மங்கை இல்லை, துண்டு கட்டிக்கொண்டு ஆபீஸ் போக முடியாது. ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. இருந்தாலும் உச்சியில் ஏதோ சில்லென்று இருந்தது, விக்குக்கு அடியில் எப்படிச் சில்லென்று இருக்கும், ஆனால் இருந்தது.

ரெஜினா எதையும் காட்டிக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "எது சார், எண்பதா நூறா?" என்றாள். "எதுவா இருந்தாலும் சைடுல இருக்கறத ஒட்ட எடுத்துடறேன், அது சும்மா நாலு முடி, தூக்கிக்கிட்டு நின்னு காட்டிக் குடுத்துடும்" என்று மெஷினை எடுத்துச் சொருகினாள். எப்போதும் எடுப்பதுதான், இத்தனை வருஷமும் எடுக்கச் சொன்னவர் அவர்தான். மெஷின் காதுக்குப் பக்கத்தில் ரீங்கென்று வந்தபோது நெற்றியிலிருந்து இரண்டு கையையும் எடுத்துவிட்டார். எண்பது பாதி ஒட்டியும் ஒட்டாமலும் முன்னால் சரிந்து புருவத்தில் விழுந்தது, அவர் அதைக் கவனிக்கவில்லை.

"அத வெட்டாதம்மா" என்றார் நடனசபாபதி. "அது நேந்துவிட்டது." சொல்லிவிட்டு, காது குத்த உட்கார வைத்த பிள்ளை மாதிரி, இரண்டு காதையும் இரண்டு கையால் பொத்திக்கொண்டார்.